செல்போனுக்கும் உண்டு பத்தியம்!

'எந்நேரமும் செல்போனும் கையுமாவே இருக்கான் டாக்டர். கேட்டா, ஹோம்வொர்க் அதுலதான் அனுப்பறாங்கன்னு சொல்றான். பிடுங்கவும் முடியலை, குடுக்கவும் பயமா இருக்கு!'

ஜுரத்துக்கும் சளிக்கும் மருந்து வாங்க வரும் தாய்மார்கள்கூட, எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று இந்தப் புலம்பலையும் சொல்லாமல் போவதில்லை. அம்மா சொல்வதும் நியாயம். பையன் சொல்வதும் பொய்யில்லை. 2020-ல் கொரோனா ஊரடங்கில் பள்ளிக்கூடங்களை மூடியபோது, செல்போன் கரும்பலகையாக வீட்டுக்குள் நுழைந்தது. பிறகு பள்ளிகள் திறந்தன. ஆனால் போன் திரும்பிப் போகவில்லை. வீட்டுப்பாடம் வாட்ஸ் அப்பில் வருகிறது. பாடப்புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைக் கட்டமாக கியூ.ஆர். கோடு. ஆக, 'போனே வேண்டாம்' என்று சொல்வது இனி நடக்கிற காரியமா?

இதைச் சொல்ல ஒரு சித்த மருத்துவர் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

சேராங்கொட்டையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சலவைத் தொழிலாளர்கள் துணியில் குறி போடப் பயன்படுத்திய கொட்டை. அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்துப் போகும். நேர்வாளம் என்றொரு விதை. சுத்தம் செய்யாமல் சாப்பிட்டால் பேதியாகி உயிருக்கே ஆபத்து! ஆனாலும் எங்கள் மருத்துவத்தில் இவற்றைத் தூக்கி எறிந்துவிடவில்லை. முறைப்படி கையாண்டு மருந்தாக்கினார்கள். கல்லூரியில் எங்களுக்குப் பாடமாகச் சொல்லித் தந்த முறை இது: முதலில் சுத்தி. அடுத்து அளவு. பிறகு அனுபானம். கூடவே பத்தியம். எல்லாவற்றையும் மீறி ஏதாவது நடந்துவிட்டால், முறிவு.

செல்போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் இந்த ஐந்தும் அப்படியே பொருந்தும். வீட்டிலும் பள்ளியிலும் சேர்ந்து செய்ய வேண்டியவை இவை. நம்மில் பலர் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். குழந்தையைக் காப்பாற்றுவது கடைசியில் வரும் 'முறிவு'தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

சுத்தி: கொடுக்கும் முன் சுத்தம் செய்யுங்கள்

உங்கள் பேங்க் கணக்கு, ஆபீஸ் குரூப், குடும்பப் படங்கள் எல்லாம் இருக்கிற போனை அப்படியே குழந்தை கையில் கொடுப்பது, சுத்தி செய்யாத சேராங்கொட்டையைக் கொடுப்பதுபோலத்தான்.

குழந்தைக்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் 'ஃபேமிலி லிங்க்' இலவசமாகவே கிடைக்கிறது. எந்த ஆப்பை இறக்கலாம், எத்தனை மணி நேரம் பார்க்கலாம், ராத்திரி எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்பதை நீங்கள் உங்கள் போனிலிருந்தே முடிவு செய்யலாம். கூகுள் தேடலில் 'சேஃப் சர்ச்' என்பதைப் போட்டுவிடுங்கள். சிறுசுகளுக்கு 'யூட்யூப் கிட்ஸ்' போதும். வாட்ஸ் அப் அமைப்புக்குள் போய், 'என்னை குரூப்பில் யார் சேர்க்கலாம்' என்ற இடத்தில் 'என் தொடர்பில் உள்ளவர்கள்' என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவர்கள்கூட உங்கள் பெண்ணை ஏதாவது ஒரு குரூப்பில் இழுத்துப் போட்டுவிடலாம்.

இன்னொரு விஷயம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எல்லாம் 13 வயது முடிந்தவர்களுக்குத்தான். இது தெரிந்து பசங்க பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். 'எல்லாரும்தானே செய்யறாங்க' என்று நாமும் விட்டுவிடுகிறோம். இதில் ஒரு வினை இருக்கிறது. 2024 முதல் இன்ஸ்டாகிராம், பதின்வயதினருக்கென்று தனிக் கணக்கு முறை கொண்டு வந்திருக்கிறது. அதில் தெரியாதவர்கள் எளிதில் செய்தி அனுப்ப முடியாதபடி சில கட்டுப்பாடுகள் உண்டு. 12 வயசுப் பையன் தனக்கு 20 வயசு என்று போட்டால், இந்தப் பாதுகாப்பு அத்தனையும் அவனுக்குக் கிடைக்காமல் போய்விடும்!

பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. பரிசு வாங்கிய குழந்தையின் படம், பெயர், வகுப்பு, ஊர் எல்லாவற்றையும் சேர்த்து பள்ளியின் பக்கத்தில் போட்டுவிடுகிறார்கள். பெருமைதான். ஆனால் முகம் தெரியாத ஒருவன் அந்தக் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச அது போதுமே! 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகவே பார்க்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. ஆகவே, 'படத்தைப் போடும் முன் எங்களை ஒரு வார்த்தை கேளுங்கள்' என்று பள்ளியில் சொல்லத் தயங்க வேண்டாம்.

அளவு: அமிர்தத்துக்கும் உண்டு

5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஓர் அளவு சொல்லியிருக்கிறது. 2 வயது ஆகும் வரை திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. அதற்கும் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

பள்ளிக் குழந்தைகளுக்கு? ஆன்லைன் வகுப்புகளுக்கென்று மத்திய கல்வித்துறை 2020-ல் 'பிரக்யாதா' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. 1 முதல் 8-ம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புகளுக்கு மேல் வேண்டாம். 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகள். அது ஊரடங்குக் காலத்துக்கு எழுதப்பட்டது என்றாலும், ஹோம்வொர்க்குக்காகப் போன் கொடுக்கும்போது மனதில் வைத்துக்கொள்ள நல்ல அளவுகோல்.

திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பது குறைகிறது. அதனால்தான் எரிச்சல், உறுத்தல், தலைவலி. 20 நிமிடத்துக்கு ஒரு தரம் தலையை நிமிர்த்தி 20 விநாடி தூரத்தில் உள்ள மரத்தையோ, எதிர்வீட்டு மாடியையோ பார்க்கச் சொல்லுங்கள். முழங்கைக்கும் விரல் நுனிக்கும் உள்ள தூரமாவது போனுக்கும் கண்ணுக்கும் இடையே இருக்கட்டும். சாயந்திரம் கட்டாயம் வெளியே விளையாடட்டும். வெளி வெளிச்சத்தில் நேரம் செலவிடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்று ஆய்வுகளே சொல்கின்றன.

பொன்னாங்கண்ணிக் கீரை, முருங்கைக் கீரை, கேரட், பப்பாளி எல்லாம் தாராளமாகச் சாப்பாட்டில் சேருங்கள். ஆனால் யாரோ சொன்னார்கள் என்று பூச்சாற்றையோ இலைச்சாற்றையோ வீட்டிலேயே கண்ணில் பிழிந்துவிடாதீர்கள். போர்டில் எழுதியது தெரியவில்லை என்று குழந்தை சொன்னால் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணாடி தேவை என்றால் போடத்தான் வேண்டும்.

அளவிலேயே முக்கியம், தூக்கம். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம் போன் ஓய்வெடுக்கட்டும். ராத்திரியில் வீட்டிலுள்ள எல்லா போன்களும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லா போன்களும் என்றால் அப்பாவுடையதும்தான்!

அனுபானம்: போன் தனியாகப் போகக் கூடாது

சூரணத்தைத் தேனிலோ, நெய்யிலோ, வெந்நீரிலோ கலந்து கொடுக்கிறோம். அதற்குத்தான் அனுபானம் என்று பெயர். மருந்து சேர வேண்டிய இடத்தில் சேர அதுதான் துணை. செல்போன் பாடத்துக்குத் துணை புத்தகமும் நோட்டும், பக்கத்தில் உட்கார ஒரு பெரியவரும்.

நல்லவை நிறையவே இருக்கின்றன. நம் பாடப்புத்தகத்தில் உள்ள கியூ.ஆர். கோடை, 2017-ல் தொடங்கிய 'தீக்‌ஷா' என்ற அரசு ஆப்பில் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோவும் பயிற்சியும் வரும். தமிழக பள்ளிக்கல்வித் துறை 2023-ல் கொண்டு வந்த 'மணற்கேணி' ஆப்பில் பாடங்கள் அசையும் படங்களாக, தமிழிலேயே கிடைக்கின்றன. 2019-ல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் ஏராளம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் 'ஃபெட்' என்ற தளத்தில் மின்சுற்று, ஒளி, பின்னம் எல்லாவற்றையும் குழந்தை தானே மாற்றி மாற்றிப் போட்டு விளையாடிக் கற்கலாம். அதில் பல தமிழிலும் உண்டு. இவை எதற்கும் காசு கிடையாது.

ஆனால் வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தால் சினிமா பார்த்த கதைதான். பத்து நிமிடம் பார்த்ததும் போனை மூடச் சொல்லுங்கள். 'இப்ப என்ன பார்த்தே, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். மின்சுற்றை ஃபெட்டில் போட்டுப் பார்த்தவன், ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, இரண்டு துண்டு ஒயர் வைத்து நிஜமாகவே எரிய வைக்கட்டும். அவன் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பாருங்கள்! நல்ல ஆசிரியர்கள் வகுப்பிலும் இப்படித்தான் செய்கிறார்கள். ஐந்து நிமிட வீடியோ, பிறகு கேள்வி, பிறகு செய்முறை.

இப்போது கேள்வி கேட்டால் கட்டுரையே எழுதித் தருகிற 'சாட் ஜிபிடி' போன்றவையும் வந்துவிட்டன. அது சொல்வதெல்லாம் சரி என்று நம்பிவிடக் கூடாது. தவறான பதிலையும் அடித்துச் சொல்லும் வழக்கம் அதற்கு உண்டு. 'அது சொன்னது பாடப்புத்தகத்தில் இருக்கிறதா பார்' என்று பழக்குங்கள். வீட்டு முகவரி, சொந்த விஷயம், குடும்பப் படம் எதையும் அதனிடம் கொடுக்கக் கூடாது என்றும் சொல்லி வையுங்கள்.

பத்தியம்: எதை விலக்க வேண்டும்?

பத்தியத்தைச் சுருக்கமாகச் சொன்னால்தான் கடைப்பிடிக்க முடியும். குழந்தைக்கு இந்த ஐந்தை மட்டும் சொல்லிக் கொடுங்கள். வகுப்பிலும் கை கழுவும் பழக்கத்தைச் சொல்லித் தருவதுபோல் அடிக்கடி சொல்லலாம்.

* பெயர், பள்ளி, வீடு, போகும் டியூஷன், வரும் நேரம் இவற்றைத் தெரியாதவரிடம் சொல்லாதே. விளையாட்டில் பழக்கமானவரும் தெரியாதவர்தான்.

* ஓ.டி.பி.யையும் பாஸ்வேர்டையும் நெருங்கிய சிநேகிதிக்குக்கூடச் சொல்லாதே. பணம் அனுப்பத்தான் யு.பி.ஐ. பின் நம்பர் தேவை. பணம் வாங்க அது தேவையே இல்லை. 'பரிசு விழுந்திருக்கு, பின் நம்பரைப் போடு' என்றால் அது மோசடி.

* காசு கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு வேண்டாம். 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டே தடை செய்திருக்கிறது.

* ஒருவரைக் கேலி செய்யும் படமோ செய்தியோ வந்தால், அதை அடுத்தவருக்குத் தள்ளாதே. உன்னிடம் அது நிற்கட்டும்.

* 'இதை அம்மாகிட்டே சொல்லாதே' என்று ஒருவர் சொன்னால், அதை அம்மாவிடம் முதலில் சொல்.

கடைசியாகச் சொன்னது ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தாலும் போதும்.

முறிவு: நடந்துவிட்டால் என்ன செய்வது?

13 வயசுப் பெண் ஒருத்தியை என்னிடம் அழைத்து வந்தார்கள். காலையில் எழுந்தாலே வயித்துவலி. சாப்பாடு இறங்கவில்லை. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை. 'கஷாயம் ஏதாவது குடுங்க டாக்டர்' என்றார் அம்மா. நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். கண்ணடியில் கருவளையம். 'ராத்திரி தூங்கறியாம்மா?' என்று கேட்டேன். பதில் இல்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது.

அம்மாவைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டோம். விஷயம் வெளியே வந்தது. ஆன்லைன் விளையாட்டில் பழக்கமான 'அக்கா' ஒருத்தி. நிஜத்தில் அது அக்காவே இல்லை. சாதாரணமாக எடுத்த ஒரு செல்ஃபியை வாங்கிக்கொண்டு, 'இதை அசிங்கமா மாத்தி உங்க ஸ்கூல் குரூப்புல போடுவேன்' என்று மிரட்டல். இரண்டு மாதமாக அந்தப் பிள்ளை இதைத் தனியாகச் சுமந்திருக்கிறது.

'ஏன்டி என்கிட்டே சொல்லலை?' என்று அம்மா அழுதார். அந்தப் பெண் சொன்ன பதில் இது: 'சொன்னா போனைப் பிடுங்கிடுவீங்க. அப்பா ஸ்கூலை நிறுத்திடுவாரு.'

யோசித்துப் பாருங்கள். மிரட்டியவனுக்குப் பெரிய ஆயுதமாக இருந்தது அந்தப் படமா? இல்லை. நம் கோபத்தைப் பற்றிய அவளுடைய பயம்தான்! அந்தப் பயம் இருக்கிற வரைக்கும் எந்தப் பூட்டும், எந்த ஆப்பும் பயன்படாது. அன்றைக்கே பெற்றோர் 1098-ஐக் கூப்பிட்டார்கள். போலீஸிலும் புகார் கொடுத்தார்கள். நான் கொடுத்தது பசிக்கும் தூக்கத்துக்குமான சாதாரண மருந்துதான். சில வாரங்களில் வயித்துவலி விட்டுப் போனது. அது என் மருந்தால் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒன்று கவனியுங்கள். காரணம் தெரியாத தலைவலி, வயித்துவலி, பள்ளிக்குப் போகப் பயம், போன் மணியடித்தால் திடுக்கிடுவது, திடீரென்று போனைத் தொடாமலே இருப்பது... இவையெல்லாம் எச்சரிக்கை. வேறு நோய் இல்லை என்று டாக்டரிடம் உறுதி செய்துகொண்டு, பொறுமையாகப் பேச்சுக் கொடுங்கள். 'வாழவே பிடிக்கலை' என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குழந்தையைத் தனியாக விடாதீர்கள்.

நடந்துவிட்டது என்று தெரிந்ததும் செய்ய வேண்டியவை:

* திட்டாதீர்கள். 'நீ சொன்னது நல்லது, நான் பார்த்துக்கறேன்' என்பதே முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

* மிரட்டியவனுக்குப் பணமோ, இன்னொரு படமோ அனுப்ப வேண்டாம். கொடுத்தால் கேட்பது நிற்காது, கூடும்.

* செய்திகளை அழிக்காதீர்கள். மிரட்டல் செய்தி, அவன் பெயர், எண் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, பிறகு பிளாக் செய்யுங்கள்.

* குழந்தையின் ஆபாசப் படம் என்றால், ஆலோசனை கேட்பதற்காகக்கூட மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்பாதீர்கள். அதைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். போனை நேரில் போலீஸிடம் காட்டுங்கள்.

* 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் அப்படிப்பட்ட படம் இணையத்தில் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை 2023 முதல் இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்பவே தேவையில்லை. படத்திலிருந்து உருவாகும் ஓர் அடையாள எண் மட்டும் போகும்.

'போலீஸுக்குப் போனா பேர் கெட்டுடுமே' என்று பயப்படுகிறீர்களா? 2012-ன் போக்சோ சட்டப்படி பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரையோ, பள்ளியையோ, வீட்டையோ பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் தவறு.

குறித்து வையுங்கள்

1098 – ஆபத்திலுள்ள குழந்தைகளுக்கான உதவி எண். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும். குழந்தையே கூப்பிடலாம்.

1930 – சைபர் பண மோசடிக்கு. பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை இடையில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

14417 – தமிழக பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்.

இந்த எண்களைச் சமையலறைக் காலண்டரிலும், பள்ளி டைரியின் முதல் பக்கத்திலும் எழுதி வையுங்கள்.

பள்ளிக் கூட்டத்தில் கேளுங்கள்

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்குப் போனால் மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இதையும் கேளுங்கள்:

1. ஆன்லைனில் எப்படிப் பாதுகாப்பாக இருப்பது என்று எந்த வகுப்பில், யார் சொல்லித் தருகிறார்கள்?

2. ஒரு குழந்தைக்கு மிரட்டலோ கேலியோ வந்தால் பள்ளியில் யாரிடம் சொல்ல வேண்டும்? அந்த ஆசிரியர் யார் என்று குழந்தைகளுக்குத் தெரியுமா?

3. ஹோம்வொர்க்கை டைரியில் எழுதிக் கொடுக்க முடியாதா? போனில்தான் அனுப்ப வேண்டுமா?

4. வகுப்பு வாட்ஸ் அப் குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள்? ராத்திரி எத்தனை மணிக்கு மேல் செய்தி வராது?

5. பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் தேவையில்லாத தளங்களைத் தடுத்து வைத்திருக்கிறார்களா?

இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், அன்றைக்கே ஒரு ஆசிரியரை நியமிக்கச் சொல்லுங்கள். குழந்தைகள் தயங்காமல் பேசுகிற டீச்சர் ஒருவர் எல்லாப் பள்ளியிலும் இருப்பார். அவரே பொருத்தம்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்களேன்: 'போன்ல என்ன தப்பு நடந்தாலும் சரி, அது உன் தப்பாவே இருந்தாலும் சரி, முதல்ல என்கிட்டே வா. போனைப் பிடுங்க மாட்டேன், திட்ட மாட்டேன்.' சொன்னால் போதாது. பிள்ளை நிஜமாகவே வந்து நிற்கும் அன்றைக்கு, அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும்.